38911 பைட்டுகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன

கமடோர் 64 கணினியை டிவியில் செருகி சுவிட்சைப் போட்டால், நீலத் திரையில் ஒரு எண் தெரியும்: 38911. பேசிக் மொழியில் நிரல் எழுத இத்தனை பைட்டுகள் காலியாக இருக்கின்றன என்று அர்த்தம். அதற்குக் கீழே 'ரெடி' என்று ஒரு சொல். அதற்கும் கீழே கண் சிமிட்டிக்கொண்டு ஒரு கர்சர். அவ்வளவுதான். கடவுச்சொல் கேட்காது, விளம்பரம் காட்டாது, அப்டேட் வந்திருக்கிறது என்று நச்சரிக்காது. "இடம் காலி, எழுது" என்று மட்டும் சொல்லும்.

அந்தப் பொட்டி கடைக்கு வந்தது 1982-ல். அதைத் தயாரித்த கமடோர் கம்பெனி 1994-ல் திவாலானது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2011-ல் அதற்கு 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வந்தது!

ஜோர்டன் மெக்னர் 1989-ல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய விளையாட்டு அது. பிற்பாடு பல கணினிகளுக்கும் போனது. கமடோர் 64-க்கு மட்டும் வரவில்லை. ஆண்ட்ரியாஸ் வர்கா என்ற ஆஸ்திரிய நிரலாளர், ஆப்பிள் 2 நிரலைப் பிரித்துப் பிரித்துப் படித்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ராத்திரியெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதைக் கமடோரில் ஓட வைத்தார். மூல நிரல் அப்போது எழுதியவரிடமே இல்லை. அடுத்த வருஷம், 2012-ல்தான் மெக்னரின் அப்பா வீட்டில் பழைய டிஸ்குகள் அகப்பட்டன. அதையும் அவர் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்.

கம்பெனி செத்துப் பதினேழு வருஷம் கழித்து அதன் பொட்டிக்கு ஒரு புது நிரல். கேட்டவுடன் பாதிப் பேருக்கு வரும் முதல் வார்த்தை "வேலை வெட்டி இல்லாதவன்". மீதிப் பாதி பேர் "அடடா, சூப்பர்" என்று சொல்லிவிட்டு, அலமாரியில் இருக்கும் தங்கள் கமடோரின் தூசியைத் தட்டி, திரும்பவும் அலமாரியிலேயே வைத்துவிடுவார்கள். இந்த இரண்டு கோஷ்டியும் செய்யும் கெடுதல் ஒன்றுதான். பழைய வீட்டுக் கணினிக்குப் புதிதாக எழுதுகிறவனைத் தனியாக விட்டுவிடுகிறார்கள்.

பொட்டி என்பது ஓடுவதற்காகச் செய்தது. அதில் புதிதாக யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக். பழைய கணினிகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்கிறவர்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது, இன்றைக்கு அதற்கு நிரல் எழுதும் ஆளை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்குக் குறுக்கே நிற்கும் கட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

கொலு பொம்மைக் கட்சி

இவர்கள் சேகரிப்பாளர்கள். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்றால் 1982-ல் வந்த ரப்பர் பட்டன் மாடல்தான் வேண்டும், அட்டைப்பெட்டியோடு வேண்டும், பெட்டிக்குள் தெர்மோகோல் கூட ஒரிஜினலாக இருக்கவேண்டும். கிடைத்துவிட்டால் கண்ணாடி அலமாரியில் ஏறிவிடும். சுவிட்ச் போட்டால் கெட்டுவிடுமாம்.

கிளைவ் சின்க்ளேர் அந்தப் பொட்டியை எதற்குச் செய்தார்? 1982 ஏப்ரலில் 16 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்ட், 48 கிலோபைட் 175 பவுண்ட். அந்தக் காலத்தில் கணினி என்றால் கம்பெனிக்காரன் சமாச்சாரம். அதை ஒரு சாதாரண வீட்டு டிவிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்ததுதான் அதன் பெருமை. பட்டனை அழுத்தி அழுத்தி ரப்பர் தேய்ந்துபோன ஸ்பெக்ட்ரம்தான் உண்மையில் வாழ்ந்த ஸ்பெக்ட்ரம்.

கொலு வைக்கிற வீட்டில் கூட வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்கி வைக்கவேண்டும் என்று வழக்கம் இருக்கிறது. பாட்டி காலத்துப் பொம்மை எவ்வளவு விசேஷமானாலும், புதுசு ஒன்று சேர்ந்தால்தான் இந்த வருஷத்துக் கொலு. இந்தச் சின்ன விஷயம் கொலு வைக்கும் மாமிகளுக்குத் தெரிந்திருக்கிறது, பழம்பொட்டிக் கனவான்களுக்குத் தெரியவில்லை :-)

இவர்களுக்குச் சேரவேண்டிய நன்றியையும் சொல்லிவிட வேண்டும். வீங்கிப்போன கெபாசிட்டரை மாற்றி, அரித்துப்போன காலை சால்டர் செய்து, எத்தனையோ பொட்டிகளைக் குப்பை லாரியிலிருந்து மீட்டவர்கள் இவர்கள்தான். ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. உடம்புக்கு இப்போது மாற்று வந்துவிட்டது. 2017-ல் 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' என்ற புதுப் பொட்டிக்காக ரசிகர்கள் பொதுவில் திரட்டிக் கொடுத்த பணம் ஏழு லட்சம் பவுண்டுக்கும் மேல். அதன் உறையை வடிவமைத்தது 1982-ல் பழைய ஸ்பெக்ட்ரத்தை வடிவமைத்த அதே ரிக் டிக்கின்சன். 2025-ல் கமடோர் பெயரிலேயே சுமார் 300 டாலருக்கு ஒரு புதிய 64 வந்திருக்கிறது. சில்லு தயாரிப்பு நின்றுபோனால், அதே மாதிரி நடந்துகொள்ளும் சில்லை இன்று செய்துவிட முடிகிறது.

மாற்று இல்லாத சமாச்சாரம் ஒன்றே ஒன்றுதான். அது கைப்பழக்கம். 1982-ல் பதினைந்து வயதில் இந்தப் பொட்டி முன் உட்கார்ந்தவருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அவர் தலையில் இருப்பது முழுவதும் புத்தகத்தில் இல்லை. எழுதிக் காட்டினால்தான் அடுத்தவனுக்குப் போகும். அலமாரிக் கண்ணாடிக்கு அதைப் பாதுகாக்கத் தெரியாது.

'அந்தக் காலம் மாதிரி வருமா' கட்சி

இந்தக் கட்சிக்குப் பொட்டி என்றால் ஒரு ஐம்பது விளையாட்டு. 'மானிக் மைனர்', 'எலைட்' என்று ஒரு பட்டியல், அதுவே திரும்பத் திரும்ப. புதிதாக ஏதாவது வந்திருக்கிறது என்று சொன்னால், பார்க்காமலேயே "அதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சு சார்" என்று பெருமூச்சு. அரைத்த மாவையே அரைப்பதற்கு ஏக்கம் என்று ஒரு கௌரவமான பெயர் வேறு.

இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பொட்டிகளின் முழுத் திறமையும் வெளியே வரவே இல்லை. உதாரணம் சொன்னால் புரியும். கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெக்ட்ரம் திரை குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 192 புள்ளி. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று குறிக்க 6144 பைட். வண்ணத்துக்கு வெறும் 768 பைட். அதாவது எட்டுக்கு எட்டுக் கட்டம் ஒன்றுக்கு ஒரே ஒரு பைட். ஒரு கட்டத்துக்குள் இரண்டே வண்ணம்தான். பச்சை மரத்துக்கு முன்னால் மஞ்சள் சட்டை ஹீரோ நடந்தால், அவன் சட்டையும் பச்சையாகிவிடும், இல்லை மரம் மஞ்சளாகிவிடும். ஸ்பெக்ட்ரம் விளையாடியவர்கள் எல்லோரும் சிரித்த குறை இது. வன்பொருளில் இருக்கும் குறை, மென்பொருளால் என்ன செய்யமுடியும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்து தெரிந்தது. டிவி படம் ஒரே நேரத்தில் வருவதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாக வரைகிறது. ஸ்பெக்ட்ரத்தில் இருக்கும் யூஎல்ஏ என்ற சில்லு, ஒவ்வொரு வரிக்கும் வண்ண பைட்டைப் புதிதாகப் படிக்கிறது. ஒரு கட்டத்துக்கு எட்டு வரி என்றால், ஒரே பைட்டை எட்டு முறை படிக்கிறது. ஒரு முறை படித்ததற்கும் அடுத்த முறை படிப்பதற்கும் நடுவில், நிரல் ஓடிப்போய் அந்த பைட்டை மாற்றிவிட்டால்? கீழே வரும் வரிகளுக்கு வேறு வண்ணம் கிடைத்துவிடும்!

கேட்க எளிது. ஒரு வரி வரைய ஆகும் நேரம் செயலியின் 224 துடிப்புகள். இரண்டு வரிக்கு 448. அதற்குள் வரிசையாகப் பல கட்டங்களின் வண்ணத்தை மாற்றி முடிக்கவேண்டும். ஒரு துடிப்பு பிசகினாலும் வண்ணம் தப்பான இடத்தில் சிதறும். இதைச் செய்துகொண்டே, மிச்சமிருக்கும் நேரத்தில் விளையாட்டையும் நடத்தவேண்டும். பிரேசில்காரரான ஐனார் சௌகாஸ் இந்த வித்தையை யாரும் எடுத்துப் பயன்படுத்தும் கருவியாக 2010-களில் செய்து கொடுத்தார். எட்டுக்கு எட்டாக இருந்த வண்ணக் கட்டம் எட்டுக்கு இரண்டாகச் சுருங்கியது. கருவியின் பெயர் 'நிர்வானா' (தமிழில் படித்துவிட்டு வேறெதுவும் நினைக்கவேண்டாம் :-)). வண்ணம் வாரி இறைத்த புது விளையாட்டுகள் அதை வைத்து வந்தன. 1982-ல் விற்ற அதே பொட்டி. ஒரு சில்லு கூட மாற்றவில்லை.

இன்னொன்று. கமடோர் 64-க்கு 1541 என்று ஒரு டிஸ்க் டிரைவ் உண்டு. அதற்குள்ளேயே தனியாக ஒரு செயலி, 2 கிலோபைட் நினைவகம். 2021-ல் 'ஃப்ரீஸ்பின்' என்ற டெமோவை வெளியிட்டவர்கள் கமடோரையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். டிரைவிலிருந்து நேராக மானிட்டருக்கு ஒயர். படம் காட்டுவதற்காகச் செய்யப்படாத டிரைவ் படம் காட்டியது. ஸ்பீக்கர் கிடையாதே, பாட்டு? டிஸ்கின் மேல் தலையை நகர்த்தும் மோட்டாரைக் குலுக்கியே பாட்டு!

டிரைவ் விற்பனைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகப்போகும் நேரத்தில் இது நடந்தது. இப்போது சொல்லுங்கள், பொற்காலம் எப்போது? பழைய ஐம்பது விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள், தாங்கள் நேசிக்கும் பொட்டியையே பாதிதான் பார்த்திருக்கிறார்கள்.

ஃபின்லாந்து 2020-ல் இந்த டெமோ கலையைத் தன் வாழும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2021-ல் ஜெர்மனியும் சேர்த்தது. கவனியுங்கள், அவர்கள் சேர்த்தது பொட்டியை அல்ல, எழுதும் பழக்கத்தை. தேர் ஓடினால்தான் தேர், நிலையிலேயே நின்றால் மரம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

'என்ன பிரயோசனம்' கட்சி

கல்லூரியில் இந்தக் கட்சிக்குத்தான் மெஜாரிட்டி. "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? இந்த நேரத்துக்கு உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்ளலாமே?"

எல்லாவற்றுக்கும் பிரயோசனம் கேட்பவன் கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் கேட்பதில்லை. அது போகட்டும். கேட்டதற்காக ஒரு பதில்.

2003-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ் கமடோர் 64-க்காக 'கொண்டிகி' என்று ஒரு இயங்குதளம் வெளியிட்டார். ஜன்னல்கள், பல நிரல்கள், இணைய உலாவி, எல்லாம் 64 கிலோபைட்டுக்குள். இணையத்தோடு பேச அவர் எழுதியிருந்த 'யூஐபி' என்ற நிரல்தொகுதி சில கிலோபைட்டில் முடிந்துவிடும். அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. 64-ல் இன்டர்நெட்டா என்று சிரித்திருப்பார்கள்.

ஆனால் வயலில் ஈரம் பார்க்கும் உணரி, கட்டிடத்தில் வெப்பம் பார்க்கும் உணரி என்று சின்னச் சின்னக் கருவிகளை வலையில் இணைக்க உலகம் கிளம்பியபோது, அந்தக் கருவிகளில் இருந்த நினைவகமும் கமடோர் அளவுதான், பலவற்றில் அதைவிடக் குறைவு. அந்த இடத்துக்குக் கொண்டிகி கச்சிதமாகப் பொருந்தியது. பொருட்களின் இணையம் என்று இப்போது பாடத்தில் வருகிறதே, அதன் ஆரம்பகால இயங்குதளங்களில் அது முக்கியமான ஒன்று. சிலபஸில் மதிப்பெண் வாங்கும் சமாச்சாரம், 'வேலை வெட்டி இல்லாத' பொட்டியில் பழகிய கை எழுதியது.

அப்படிப் பணமாக மாறினால்தான் மதிப்பா? இல்லை. இதைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் மொத்த அமைப்பு மென்பொருளும் 16 கிலோபைட். இயன் லோகனும் ஃபிராங்க் ஓஹாராவும் 1983-லேயே அதன் ஒவ்வொரு கட்டளையையும் விளக்கி ஒரே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். ஒரு மனுஷன் உட்கார்ந்து படித்தால், பட்டனை அழுத்துவதிலிருந்து திரையில் எழுத்து வருவது வரை என்ன நடக்கிறது என்று முழுவதுமாகத் தெரிந்துகொள்ளலாம். பாக்கெட்டில் இருக்கும் போனைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள். அதைச் செய்த கம்பெனியிலும் கிடையாது. நாலு வருஷம் கணினிப் படிப்பு படித்து, ஒரு கணினியைக் கூட முழுதாகத் தெரிந்துகொள்ளாமல் பட்டம் வாங்கிப்போவது பற்றி யாருக்கும் கூச்சம் இல்லை. ஒரு பழைய பொட்டிக்கு ஒரு சின்ன நிரல் எழுதினால் அந்தக் குறை தீரும்.

நொள்ளை சொல்லும் கட்சி

மற்ற மூன்று கட்சியும் வெளியே. இது உள்ளுக்குள்ளேயே இருக்கிற கட்சி. அதனால் இதுதான் ரொம்ப ஆபத்து.

2008-ல் ஜொனாதன் கால்டுவெல் 'ஆர்கேட் கேம் டிசைனர்' என்ற கருவியை ஸ்பெக்ட்ரத்துக்கு வெளியிட்டார். அசெம்பிளி தெரியாதவர்களும் படம் வரைந்து, கொஞ்சம் கட்டளை எழுதி, ஒரு விளையாட்டைச் செய்துவிடலாம். எத்தனையோ பேர் செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பில் ஒரு பங்கு, "ஓ, அந்தக் கருவியில் செய்ததா?" என்ற உதட்டுப் பிதுக்கல். அதில் செய்த விளையாட்டு எல்லாம் ஒரே அச்சாம், உண்மையான நிரல் இல்லையாம்.

இந்த நாட்டாமைகளுக்குச் சரித்திரம் தெரியவில்லை, அல்லது வசதியாக மறந்துவிட்டது. 1983-ல் கில்சாஃப்ட் வெளியிட்ட 'தி க்வில்' இதே மாதிரி கருவிதான். எழுத்தால் ஆடும் கதை விளையாட்டுகளை நிரல் தெரியாதவர்களும் எழுத வழி செய்தது. நூற்றுக்கணக்கில் வந்தன. 1987-ல் சென்சிபிள் சாஃப்ட்வேர் கமடோருக்குச் சுடும் விளையாட்டு செய்யும் கருவி ஒன்று கொடுத்தது. அதில் வந்தவையெல்லாம் இன்று 'கிளாசிக் காலத்துப் பொக்கிஷம்' என்று பட்டியலில் இருக்கின்றன. நாற்பது வருஷம் முன்னால் செய்தால் பொக்கிஷம், போன மாதம் செய்தால் மொக்கையா? நல்ல நியாயம்!

கருவியில் செய்தவற்றில் மொக்கை இல்லையா? இருக்கிறது, நிறையவே. 1984-ல் காசு கொடுத்து வாங்கிய கேசட்டுகளிலும் நிறைய மொக்கை இருந்தது. ஆனால் முதல் மொக்கையை எழுதாமல் யாரும் இரண்டாவது நல்ல விளையாட்டை எழுதியதில்லை. முதல் படியிலேயே ஆளைத் தள்ளிவிட்டு, "மேலே வர ஆளே இல்லை" என்று புலம்புவது எந்த ஊர் நியாயம்?

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. "அருமை, வாழ்த்துகள், தொடருங்கள்." இதுவும் ஒருவகைப் புறக்கணிப்புதான். ஓட்டிப் பார்க்காமலேயே சொல்லிவிட முடிகிற பாராட்டு அது. எழுதியவருக்கு அதனால் ஒரு பைட்டு கூடப் பிரயோசனம் இல்லை.

உண்மையான ஊக்கம் எப்படி இருக்கும்? ஐரோப்பாவில் விற்ற கமடோருக்கும் அமெரிக்காவில் விற்ற கமடோருக்கும் டிவி முறை வேறு. ஐரோப்பியப் பொட்டி ஒரு படத்துக்கு 312 வரி, வரிக்கு 63 துடிப்பு. அமெரிக்கப் பொட்டி 263 வரி, வரிக்கு 65 துடிப்பு. ஜெர்மனியில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தன் நிரல் அமெரிக்காவில் தடுமாறுவது எப்படித் தெரியும்? "மூன்றாவது கட்டத்தில், எதிரி ஆறு பேர் சேர்ந்தால், திரையின் கீழ்ப்பக்கம் இரண்டு வரி நடுங்குகிறது, அமெரிக்கப் பொட்டி" என்று நாலு வார்த்தை யாராவது எழுதினால், அது ஆயிரம் 'அருமை'க்குச் சமம். முழுசாக ஆடிப் பார்த்தவனால்தான் அதை எழுத முடியும்.

பெயருக்குச் சொந்தக்காரர்கள்

கட்சிகள் முடிந்தன. கம்பெனிகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

1986-ல் சின்க்ளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 1999-ல் ஆம்ஸ்ட்ராட் தரப்பிலிருந்து பொதுவில் ஒரு அறிவிப்பு வந்தது. ஸ்பெக்ட்ரத்தின் உள்மென்பொருளை எமுலேட்டர்களோடு சேர்த்து வினியோகிக்கலாம், காப்புரிமைக் குறிப்பை மட்டும் எடுக்காதீர்கள் என்று. கம்பெனிக்குச் செலவு ஒரு பைசா இல்லை. ஸ்பெக்ட்ரத்துக்கு இன்று வரை புதிது புதிதாக எழுதுகிறார்கள் என்றால் அந்தச் சின்னப் பெருந்தன்மைக்கும் அதில் பங்கு உண்டு.

மறுபக்கம் பாருங்கள். 2019-ல் ஒருவர் ஏழு வருஷம் உழைத்து 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டைக் கமடோர் 64-க்குக் கொண்டுவந்தார். சில நாட்களில் நின்டெண்டோ தரப்பிலிருந்து காப்புரிமைப் புகார் போனது, கீழே இறக்கச் சொல்லி. சட்டப்படி அவர்கள் பக்கம் தப்பு சொல்ல முடியாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலான விளையாட்டு, அவர்கள் ஒருபோதும் விற்காத ஒரு பொட்டியில் ஓடினால், எந்த உலை மூழ்கிவிடும்?

இதில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அடுத்தவன் பொம்மைக்கு ஏழு வருஷம் உழைத்தால், ஒரு கடிதத்தில் போய்விடலாம். மெக்னர் மாதிரி தாராள மனசு எல்லோருக்கும் இருக்காது. 2017-ல் கமடோர் 64-க்கு வந்த 'சாம்ஸ் ஜர்னி'யைப் பாருங்கள். சொந்தக் கதாநாயகன், சொந்த உலகம், உடை மாற்றினால் திறமை மாறும் என்ற சொந்த யோசனை. பெட்டி போட்டு, காசுக்கு விற்றார்கள், ஜனங்கள் வாங்கினார்கள். யாரும் வந்து இறக்கச் சொல்ல முடியாது. ஊக்குவிக்க வேண்டியது இந்த வழியைத்தான்.

சரி, என்ன செய்யவேண்டும்?

புலம்பல் போதும். பழம்பொட்டிப் பிரியர்கள் நாளையிலிருந்தே செய்யக்கூடியவை சில.

1. காசு கொடுங்கள். பொட்டிக்கு முந்நூறு டாலர் கொடுக்கும் கை, புது நிரலுக்கு ஒரு காப்பி விலை கொடுக்க நடுங்கக்கூடாது. எழுதியவர் பணக்காரர் ஆகப்போவதில்லை. அடுத்ததை எழுத உட்காருவார், அவ்வளவுதான்.

2. ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். எமுலேட்டரில் ஓட்டினால் தப்பில்லை. அலமாரியில் நிஜப் பொட்டி இருந்தால், இறக்கி அதிலும் ஓட்டுங்கள். எது நன்றாக இருந்தது, எங்கே தடுக்கியது, எந்த மாடல் என்று எழுதி அனுப்புங்கள்.

3. சின்னப் போட்டி வையுங்கள். எம்எஸ்எக்ஸ் கணினிகளுக்கு 2003-லிருந்து புது விளையாட்டுப் போட்டி நடக்கிறது. எட்டு பிட் பொட்டிகளுக்குப் பத்தே வரியில் பேசிக் விளையாட்டு எழுதும் போட்டி ஒன்று உண்டு. பத்து வரி! யாரும் பயப்படத் தேவையில்லாத அளவு. ஆனால் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், பாதியில் கிடக்கும் எத்தனையோ நிரல்களை முடிக்க வைப்பது அதுதான்.

4. எழுதியதை விளக்குங்கள். 1984-ல் இயன் பெல்லும் டேவிட் பிராபெனும் பிபிசி மைக்ரோவுக்கு எழுதிய 'எலைட்' விளையாட்டின் மூல நிரலை, ஒரு ஆர்வலர் வரிக்கு வரி விளக்கம் எழுதி எல்லோருக்கும் வைத்திருக்கிறார். 32 கிலோபைட் பொட்டியில் எட்டு விண்மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 கிரகம் எப்படி அடங்கியது என்று யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த மாதிரி விளக்கம் ஒவ்வொன்றும் பத்து புது ஆட்களை உண்டாக்கும். புதிதாக எழுதுகிறவர்களும் மூல நிரலைத் திறந்து வையுங்கள். பூட்டி வைத்து என்ன சாதிக்கப்போகிறீர்கள்?

5. ஊருக்குத் தக்க எழுதுங்கள். பிபிசி மைக்ரோ இங்கிலாந்தில் மட்டும் இருந்த பொட்டி இல்லை. 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் அதுதான். பள்ளியில் முதன்முதலில் தொட்ட கணினி எது என்று அப்போது படித்தவர்களைக் கேட்டால் சிலருக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரும். அந்தப் பொட்டியில் எழுத்து ஒன்றுக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். 'க'வும் 'ட'வும் அதில் சுலபமாக உட்காரும். 'ணை'யையும் 'ஞௌ'வையும் உட்கார வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி :-) மூன்று நாள் மண்டை காயும். ஆனால் எழுத்து என்பது கணினிக்குள் என்னவாக இருக்கிறது என்று அந்த மூன்று நாளில் தெரிவது, மூன்று செமஸ்டரில் தெரியாது.

இதெல்லாம் யாருக்கும் பெரிய செலவு வைக்கிற காரியமில்லை. வர்காவுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவர் உட்கார்ந்து முடித்தார். எத்தனை பேர் அப்படி முடிக்காமல் பாதியில் விட்டிருப்பார்கள்? ஓட்டிப் பார்க்க ஆள் இல்லாமல், கேட்டதற்குப் பதில் இல்லாமல், முதல் முயற்சிக்கே கிண்டல் வாங்கி, மூடி வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. பொட்டி உடைந்தால் வரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். எழுதப்படாமலே போன நிரலின் நஷ்டம் யார் கண்ணுக்கும் தெரியாது.

உலகத்தில் விற்ற கமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல். எத்தனை இன்னும் உயிரோடு இருந்தாலும், சுவிட்சைப் போட்டால் ஒவ்வொன்றும் அதே எண்ணைத்தான் காட்டும். 38911 பைட்டு காலி, ரெடி. பொட்டி தயாராகத்தான் இருக்கிறது. எழுத உட்காருகிறவனுக்கு ஒரு நாற்காலி எடுத்துப்போடுங்கள். முடியாவிட்டால், அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையாவது இழுக்காமல் இருங்கள்.